பதினேழு வளைவு இறங்கிவந்த வைரஸ்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனைத் தேடி யாரும் நல்ல நாளில் வருவதில்லை. போடியில் இருபது வருடமாக இந்தச் சோலி பார்க்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெட்டுப்போன பெட்டிகளைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் கெடுத்து, அப்படியே கற்றுக்கொண்டது. பகலில் எந்தக் கடைக்காரரும் கம்ப்யூட்டரைக் கையை விட்டுக் கொடுக்கமாட்டார். அதனால் கடை அடைத்தபின் வாங்கிவந்து, காலையில் திருப்பிக் கொடுப்பேன். எஸ்டேட் வேலைக்கு ஊரே ஜீப்பு ஏறும் விடிகாலையில் படுக்கப் போகிறவன் நான். உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். இல்லாவிட்டாலும், ‘அழித்துவிட்டேன்’ என்று ஒரு எந்திரம் சொன்னதை நம்பிப் படுத்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள்.

பொறிக்கு வராத எலி

ஜெராக்ஸ் கடை பேச்சியம்மாள் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒருநாள் எல்லா ஃபோல்டருக்கும் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி முளைத்தது. சொடுக்கினால் திறக்கவில்லை. ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். அழித்துவிட்டதாகப் பச்சை டிக் போட்டது. அணைத்துத் திரும்பப் போட்டால் அதே அம்புகள். ஏழாவது பச்சை டிக்கில் அந்த ஆன்டிவைரஸ் மேல் எனக்கே பரிதாபம் வந்துவிட்டது. என்னைப்போலவே அதுவும் ஒழுங்காக வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

காலையில் அக்காவிடம் விளக்கினேன். “வாசல்ல நிக்கிறவனத்தான் இது விரட்டுதுக்கா. உள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு வாசலுக்குப் புதுப்புது ஆளா அனுப்பிக்கிட்டே இருக்கான்.” அக்கா தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டு எலியும் இதே சாதிதான் தம்பி. தேங்காயத் தின்னுட்டு, பொறி மேலயே படுத்துத் தூங்கும்.”

சாம்பார் வாளி

அதே வாரம் அதே அம்பு, செல்லத்துரையின் போட்டோ ஸ்டுடியோவிலும் முளைத்தது. உள்ளே மாட்டியிருந்தது, பக்கத்து ஊர் சிலமலையில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்கள். அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டையும் துடைத்துவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது.

பெண்ணின் அப்பா அய்யாச்சாமி அண்ணன், பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி. நான் போனபோது, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூலில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாள் பொறுங்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தாலி கட்டுறப்ப நான் பந்தியில சாம்பார் வாளியோட நின்னேன் தம்பி. பரிமாற ஆளு பத்தல. கெட்டிமேளம் கேட்டு ஓடியாந்தா முடிச்சு விழுந்துருச்சு. ஒத்தப் பொண்ணு. அந்தப் படத்த மட்டும் கொண்டா, மத்தத வைரசே வச்சுக்கிடட்டும்.”

பத்தரை மணிக்கு வந்தவன்

கம்ப்யூட்டரைச் சேஃப் மோடில் எழுப்பி, உள்ளே ஓடிக்கொண்டிருந்தவனை நிறுத்தி, அவன் தினமும் எழுந்துவர வைத்திருந்த வழியையும் வெட்டினேன். படங்கள் அழியவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தான். ஒரு வரி கட்டளை கொடுத்ததும் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படுத்தேன். பத்தரைக்குப் போன் வந்தது: அம்பு திரும்ப வந்துவிட்டது.

ஓடினேன். யார் வந்தது என்று கேட்டால், “ஒருத்தரும் வரல, நம்ம காளிதான்” என்றார் செல்லத்துரை. காளி, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர். மேலே எஸ்டேட் ஆபீசில் சிக்னல் கிடைக்காது. அதனால் பிரிண்ட் எடுக்கிற லிஸ்ட் அக்கா கடைக்கும், ஆட்களின் அடையாள அட்டைப் படம் ஸ்டுடியோவுக்கும் காளியின் பென்டிரைவில்தான் இறங்கும். மிச்ச இடமெல்லாம் ஜீப்பில் போடுகிற பாட்டு. பென்டிரைவுக்குக் குங்குமம் வைத்து, சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். ஸ்டுடியோ வாசலிலேயே அவனைப் பிடித்து, மொத்தமாகத் துடைத்துத் தருகிறேன் என்றதும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “இது வந்த பெறகு பதினேழு வளைவுல வண்டிக்கு ஒரு கீறல் இல்லண்ணே. இதுக்கு முன்னாடி வச்சிருந்தத ஒருத்தன் தொடச்சுக் குடுத்தான். மறுநாளே எருமைய இடிச்சேன்.”

முதல் வளைவுக்கு முதல் பாட்டு

மறுநாள் விடிகாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்கே போனேன். ஒப்பந்தம் இதுதான்: வைரஸை மட்டும் எடுக்கலாம், பாட்டு வரிசை மாறக்கூடாது. முதல் வளைவில் அம்மன் பாட்டு. பத்தாவதில் குத்துப்பாட்டு, அங்கேதான் ஆட்களுக்குத் தூக்கம் வருமாம். ஜீப்புக்குள் இருந்த பதினோரு பேரும் எட்டிப் பார்க்க, சுண்டுவிரலால் முள் எடுப்பதுபோல் மூன்றே ஃபைலை எடுத்தேன். குங்குமம்கூடக் கலையவில்லை.

காளி செருகினான். அம்மன் பாட்டே முதலில் வந்தது. பின்சீட்டில் தூக்குவாளியோடு இருந்த அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “நம்ம பூசாரி ராவெல்லாம் உடுக்கை அடிப்பாரு. இவரு வேப்பிலைகூட இல்லாம வெரசா முடிச்சுட்டாரே ஆத்தா.”

அக்குள் வழியே

அக்காவின் கம்ப்யூட்டரையும் அதே வழியில் சுத்தம் செய்தேன். ஸ்டுடியோ கம்ப்யூட்டரை இன்னொரு தடவை சுத்தம் செய்து, படங்களை வேறு இடத்திலும் பத்திரப்படுத்தினேன். அய்யாச்சாமி அண்ணன் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரை மேலே கூட்டிப்போகக் காளியும் வந்து நின்றான். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது எல்லாம் ஓடியது. தாலி கட்டும் படம் வந்தது. திரை முழுக்க ஒரு தலையின் பின்பக்கம். இரண்டு கையிலும் போனைத் தூக்கிப் பிடித்த ஒரு தலை. அடுத்த படத்திலும் அதே தலை. கழுத்தில் கிடந்தது காளியின் துண்டு என்று எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. அப்போது போனில் எடுத்த வீடியோ எங்கே என்று அவனைக் கேட்டால், பட்டனையே அமுக்கவில்லையாம்.

நாலாவது படத்தில், தூக்கிய கைக்குக் கீழே, அக்குள் வழியே பெண்ணின் முகம் தெரிந்தது. கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் கண் மாப்பிள்ளை மேல் இல்லை. பந்தி நடக்கும் பக்கம் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதைத்தான் பெரிசாகப் போடவேண்டும் என்று செல்லத்துரையிடம் சொன்னார். பிறகு காளியைத் திரும்பிப் பார்த்தார். “வைரஸ் மறைச்சதத் தம்பி எடுத்துட்டாரு. ஒன் தலைய எதக் கொண்டு காளி எடுக்குறது?”

சிலமலையில் அவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் காளியின் அக்குளோடு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இருபது வருடத் தொழிலில் என்னால் நீக்கவே முடியாமல் போனது அது ஒன்றுதான்.