மூலம் எங்கே, ஓட்டுநரே?

எங்கள் பஸ் டிப்போவில் அவருக்கு அரைசீட்டு என்று பெயர். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் உடம்பில் பாதிதான் சீட்டில் இருக்கும், மீதி காற்றில். பார்க்கிறவனுக்கு, ஆள் எந்த நிமிஷமும் குதித்து ஓடப்போகிறார் என்று தோன்றும்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. ஐம்பதை நெருங்கும் ஆறடி ஆள், சீட்டை நிறைத்துக்கொண்டு உட்காருவார். மலைப்பாதை வண்டி அவருடையது. அவர் ஓட்டினால் கடைசி வரிசையில் இருப்பவன்கூட டீயைச் சிந்தாமல் குடிப்பான். வீட்டில் வாயைத் திறக்காதவர், வளைவுகளில் வண்டியோடு பேசிக்கொண்டே போவார். அந்தப் பாதையைத் தனக்கு விடச்சொல்லி வேறு டிரைவர் யாராவது கேட்டால் முகம் சிறுத்துவிடும்.

இந்த வருஷம் திடீரென்று சீட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தார். நான் டிப்போவில் ஸ்பேனர் பிடிக்கிறவன், என்னிடம்தான் வருவார்.

"ஸ்பிரிங் குத்துதுடா தம்பி."

உறையைப் பிரித்துக் கையை விட்டுத் தடவினேன். ஸ்பிரிங்கே கிடையாது, அத்தனையும் ஸ்பாஞ்சு. அப்போதே எனக்கு விஷயம் புரிந்தது. ஆனால் இதையெல்லாம் ஒரு ஆளிடம் எப்படிக் கேட்பது?

பிறகு ஒருநாள், வண்டியை விட்டுவிட்டு கேட் காவலுக்குப் போகிறேன் என்று மனு எழுதிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்னண்ணே, புத்தி கெட்டுப்போச்சா? மலைப்பாதைய எவன்கிட்டக் குடுக்கப் போறீங்க?"

"கால் வலிக்குதுடா."

"கால் வலிக்கிறவன் நிக்கிற வேலையா கேப்பான்?"

மனுவோடு ஆபீசைப் பார்க்க நடந்தார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எவனோ அவரிடம், இந்த நோய்க்குக் கத்தி வைத்தே ஆகணும், வைத்தால் அப்புறம் டிரைவர் சீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறான். பிடுங்குவதற்குள் நாமே விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார் மனிதர்.

மனு ஆபீஸ் அக்காவிடம் போக வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இலக்கணம். ஒரிஜினல், ஜெராக்ஸ் என்று அவர் வாயில் வராது. மூலம், நகல் என்பார். பிரேக் சாமானுக்குக் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். மனுவோடு இருந்த லைசென்ஸ் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்தார் அக்கா.

"நகல் இருக்கிறது. மூலம் எங்கே, ஓட்டுநரே?"

அரைசீட்டின் முகத்தில் ரத்தம் இல்லை. "அக்கா... உங்களுக்கு யாரு சொன்னா?"

"யார் சொல்ல வேண்டும்? மூலம் உண்டா, இல்லையா?"

"உண்டுக்கா," என்றார் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு. சின்னதுதான்."

"இரண்டு எதற்கு? ஒன்று போதும். எடுத்து மேசையில் வையுங்கள்."

அவர் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "இங்கயா? நாலு பேரு வந்து போற எடம்க்கா..."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "லைசென்ஸ் ஒரிஜினலைக் கேக்கறாங்கண்ணே!"

அக்கா ஒரு கணம் விழித்தார். பிறகு பேனாவைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தூய தமிழெல்லாம் பறந்துபோனது. "ஐயய்யோ, அந்த மூலமா! அதுக்கா வண்டிய விடறீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. கத்தியே வைக்கல. முதல்ல டாக்டரப் பாருங்க. மனு என்கிட்டயே கிடக்கட்டும்."

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்தது டாக்டரம்மா. அரைசீட்டு வாசலிலேயே திரும்பினார்.

"ஆம்பள டாக்டர் இல்லையா?"

"அவரும் இதே தொந்தரவுலதான் லீவுல இருக்கார். போங்க," என்றார் நர்ஸ்.

பார்த்து முடித்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வெளியில சின்னதா ஒரு மூலம். பக்கத்துல இருக்கறது வெறும் தோல். பழைய வீக்கம் வத்திப் போகும்போது விட்டுட்டுப் போனது. ரெண்டுக்கும் கத்தி தேவையில்ல."

"தோலை நூலால கட்டினா விழுந்துடும்னாங்களே? நூல்கண்டு வாங்கி வச்சிருக்கேன்."

"அதுல சட்டை பட்டன் தைங்க. கட்டிச் சீழ் பிடிச்சா அப்ப நிஜமாவே கத்தி எடுப்பேன். களிம்பு போட்டாலும் அந்தத் தோல் உதிராது. தொல்லை பண்ணலன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மூலத்துக்கு, அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கால்மணி நேரம் உட்காரச் சொன்னார், தினம் இரண்டு மூன்று வேளை. எரிச்சலுக்கு ஒரு களிம்பு, அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. காய், கீரை, பழம். முக்கக் கூடாது, கக்கூசில் செல்போன் கூடாது. ரத்தம் வந்தாலோ வலி திடீரென்று கூடினாலோ மூலம்தான் என்று தானே முடிவுகட்டாமல் உடனே வர வேண்டும்.

"தண்ணி நிறையக் குடிங்க. ஸ்டாப் வந்தா இறங்கி நடங்க."

"தண்ணி குடிச்சா வழியில ஒண்ணுக்கு வருமே டாக்டர்."

எங்கள் டிரைவர்களில் பாதிப்பேர் தண்ணீர் குடிக்காதது இதற்குப் பயந்துதான்.

"வந்தா நிறுத்துங்க. பஸ் உங்க கையிலதான இருக்கு?"

தொட்டி வாங்கிப் போனதில் வீட்டம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். "போனை எடுத்துக்கிட்டு மணிக்கணக்கா கதவச் சாத்திக்கறீங்களே, நான் எவளோ ஒருத்தின்னு நெனச்சேன்! இதுக்குத்தானா?" அன்றையிலிருந்து வெந்நீர் அவர் பொறுப்பு, கீரையும் அவர் பொறுப்பு. போன் கதவுக்கு வெளியே.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. எரிச்சல் நின்றது, வீக்கம் வற்றியது. அரைசீட்டு ஆபீசுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார்.

"மூலம் போயிடுச்சுக்கா. நகல் மட்டும் இருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பு ஒர்க்ஷாப்வரை கேட்டது. மனுவை நாலாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அன்று மலைப்பாதை வண்டியில் நானும் ஏறினேன், பிரேக்கைப் பார்க்க. அரைசீட்டு சீட்டை முழுசாக நிறைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வண்டியோடு பேசிக்கொண்டு வந்தார். பாதிவழியில் நிறுத்தி, பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இறங்கினார்.

"வாடா, வண்டியச் சுத்தி ரெண்டு நடை நடப்போம். உடம்புக்கு நல்லது," என்று கண்டக்டரைக் கூப்பிட்டார்.

படியில் சாய்ந்திருந்த கண்டக்டர் அசையவில்லை. "நீங்க நடங்கண்ணே. காலையிலேருந்து நான் எங்க உக்காந்தேன்?"