இடைவேளைக்குப் பின் ஏழு நிமிடங்கள்

ஃபிரான்சில், லியோன் நகரத்து மல்டிபிளெக்ஸில் தமிழ்ப் படத்துக்கு இடைவேளை கிடையாது. கார்டு மட்டும் வரும். ஹீரோ முகத்தில் யாருடைய ரத்தமோ வழிய, சாவகாசமாகத் திரும்பி, கேமராவைப் பார்த்து ஒற்றை வரி சொல்வார். இசை கூரையைப் பெயர்க்கும். 'இடைவேளை' என்று எழுத்து விழும். இரண்டே நொடி. அடுத்த ஷாட்டில் அதே ஹீரோ பல் துலக்கிக்கொண்டிருப்பார். இங்கே வந்து பார்த்த முதல் படத்தில், எழுத்து விழுந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். தியேட்டரில் வேறு யாரும் அசையவில்லை. "அஸ்ஸியே-வு, மெஸ்யே." உட்காருங்கள் ஐயா என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

கூட வந்திருந்தவன் மத்தியாஸ். படிப்பு போக மீதி நேரத்தில் நான் பெட்டி அடுக்கும் கிடங்கில் அவனும் பெட்டி அடுக்குகிறான். வெளியே வந்ததும் "நடுவில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டான். இடைவேளைக்கு அவர்கள் பாஷையில் "அந்த்ராக்த்" என்றேன். "பிறகு ஏன் படம் நிற்கவில்லை?" "உன் ஊர் தியேட்டர், நீதான் சொல்ல வேண்டும்." அவன் தோளைக் குலுக்கினான். "நல்லதுதானே, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்." அவனுக்கு எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் படத்தின் தலைவிதி எழுதப்படுவதே அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். பப்ஸ் வாங்கும் கூட்டத்தில், கழிப்பறை வரிசையில், முன்பின் தெரியாதவனிடம் "ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே ப்ரோ, செகண்ட் ஆஃப்ல இன்னா பண்ணியிருக்கான்னு பாப்போம்" என்று சொல்லாமல் ஒரு படத்தைப் பார்த்ததாகவே கணக்கில்லை. என் அரைகுறை பிரெஞ்சில் அது "நாங்கள் கழிப்பறையில் சினிமா பற்றிப் பேசுவோம்" என்று மட்டும் வந்தது. அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். விட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் நான் போட்ட 'இந்த வருடப் படங்கள்' பட்டியலைப் படித்தவர்கள் இதையும் படித்துவிடுங்கள். அதில் கடைசியாக, ஒன்பதாம் இடத்தில் ஒரு சின்னப் படத்தைப் பற்றி நாலு வரி இருக்கிறது. அந்த நாலு வரி பொய். தெரிந்து எழுதிய பொய் இல்லை, ஆனால் பொய். அதனால் என் ஒரே நண்பன் ஜெகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் இதைப் படிப்பானா தெரியாது.

பட்டியலே ஜெகனும் நானும் தொடங்கியதுதான். ரெண்டு பேரும் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை, அடுத்தடுத்த தெரு. லாஸ்பேட்டையில் காலேஜ் படித்த மூன்று வருடமும் அவன் ஸ்கூட்டி பின்சீட்டில்தான் நான் வாழ்ந்தேன். டிசம்பர் கடைசி வாரம் காலேஜ் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவோம். பிறகு எங்கள் ரெண்டு பேர் பெயரிலும் இருக்கிற இணையப் பக்கத்தில் போடுவோம். சட்டங்கள் கடுமையானவை. தியேட்டரில் பார்த்த படம் மட்டும்தான். புகை பிடிக்காதீர்கள் விளம்பரத்திலிருந்து கடைசிப் பெயர் ஓடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் வரும் திருட்டுப் பிரிண்டைப் பார்த்தவன் வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். 'நல்ல முயற்சி' என்ற சொல்லுக்குத் தடை. அதைப் போட்டவன் ஜெகன். "புடிக்கலன்னா புடிக்கலன்னு எழுதுடா. நல்ல முயற்சின்னா இன்னா? செத்தவன் வூட்ல போயி நல்ல உடம்புன்னு சொல்ற மாதிரி இருக்குது" என்பான்.

இப்போது வருடத்தைப் பற்றி. மற்ற எட்டு இடங்களில் எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன். பெயர்களைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ரசிகர்கள் கமெண்டில் என் அம்மாவை இழுப்பார்கள். பெரிய ஹீரோக்களின் படங்கள் எல்லாம் ஒரே படம். தாடி, துப்பாக்கி, போதைப்பொருள் தொழிற்சாலை, மகளைக் காட்டி ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில் இரண்டாம் பாகத்துக்கு அடிபோட ஒரு ஃபோன் கால். ஹீரோக்கள் நடக்கும் ஸ்லோமோஷனை எல்லாம் சாதாரண வேகத்தில் ஓடவிட்டால் படம் முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒருவரைக் கம்ப்யூட்டரில் இளமையாக்கியிருந்தார்கள், மெழுகு பொம்மைக்கு மூச்சுத் திணறுவது போல இருந்தது. புதுப் படங்கள் இப்படி என்றால், ஊரில் ஜனங்கள் எழுந்து ஆடியதெல்லாம் மறுபடி ஓட்டிய பழைய படங்களுக்கு. பிறப்பதற்கு முன்னால் வந்த படத்துக்கு என் தம்பி வயசுப் பையன்கள் பேப்பர் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு சினிமா உலகத்துக்கு இதைவிடக் கேவலமான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

எங்களைப் போல வெளியே வந்தவர்களுக்குத் தமிழ் சினிமா இரண்டே வேலைதான் தருகிறது: ஹீரோயினைப் பெண் பார்க்க வந்து தோற்பது, அல்லது க்ளைமாக்ஸில் விமான நிலையத்திலிருந்து திரும்பி ஓடிவருவது. மாதம் ஒருமுறை அறை வாடகைக்கும் விசா புதுப்பிக்க ப்ரெஃபெக்த்யூர் அலுவலக வரிசையில் நிற்பதற்கும் நடுவில் ஓடுகிறவனை எவனும் எடுக்கவில்லை. எங்கள் ஊருக்கும் இரண்டே வேலை. மஞ்சள் சுவர் முன்னால் காதலர்கள் சைக்கிள் ஓட்ட ஒரு பாட்டு, இல்லையென்றால் சரக்கு. "பாண்டி போலாமா?" என்று காமெடியன் கேட்டால் தியேட்டரே சிரிக்கிறது. நாங்கள் அங்கே ரேஷன் கார்டு வைத்துக் குடும்பம் நடத்துகிறோம்டா. அந்த மஞ்சள் சுவர் பாட்டு வந்தபோது மத்தியாஸ் என் முழங்கையை இடித்து "உன் ஊர்!" என்றான். நகராட்சிக் கட்டடத்தை மேரி என்று சொல்வதைத் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், நம்பவில்லை. "இது இல்லை. என் வீடு வேறு பக்கம்" என்றேன். மறுநாள் கிடங்கு முழுக்க, நான் பாண்டிச்சேரிக்காரன் இல்லை, பக்கத்தில் ஏதோ கிராமம் என்று பரப்பியிருந்தான்.

நான் விசா வாங்கி லாஜிஸ்டிக்ஸ் படிக்க இங்கே வந்த அதே மாதம் ஜெகன் சென்னைக்குப் போனான். அசிஸ்டெண்ட் டைரக்டர். சம்பளம் என்ற பேச்சே இல்லை. "நீ அங்க போயி பெட்டி தூக்கு, நான் இங்க க்ளாப் தூக்குறேன். எவன் கை மொதல்ல உடையுதுன்னு பாப்போம்" என்றான். இரண்டு வருடம் கழித்து அவன் வேலை பார்த்த படம் டிசம்பரில் வந்தது. கோரிமேட்டில் ஓடும் ஓர் ஆட்டோக்காரன் கதை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவன். ஒரு நாள் ஒரு பெரியவரை ஏற்றுகிறான். வைத்தியம் முடிந்த பிறகுதான் தெரிகிறது, அவருக்குத் திரும்பிப் போக வீடு என்று எதுவுமில்லை. மஞ்சள் சுவர் இல்லை, சரக்கு இல்லை. முழுக்க எங்கள் பக்கத்துத் தெருக்கள். ஃபிரான்சிலும் ரிலீஸ் ஆகும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். ஆகவில்லை.

மூன்றாம் நாள் ஒரு லிங்க் வந்தது. ஊரில் எவனோ தியேட்டரில் உட்கார்ந்து போனில் பிடித்தது. படம் கோணலாக, இருட்டாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. வேலைக்குப் போகும் டிராமில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி நேரம் படத்தைப் பார்க்கவில்லை. இருமல், சிரிப்பு, "ஏ அது நம்ம பாலு கடைடா" என்று எவனோ கத்தியது, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நான் பார்த்ததிலேயே நெருக்கமான படம் அது. ஆனால் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது கையில் வேறு ஏதோ ஏறிக்கொண்டது. அவன் கை உடையவில்லை, அதுதான். திரையில் அவன் பெயர் ஓடிவிட்டது. என் கையில் அட்டைப்பெட்டி கிழித்த கோடுகள்.

இப்படி எழுதினேன்: "நல்ல முயற்சி. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இடைவேளை விட்டால், திரும்பி வரும்போது அதே பெரியவர் ஆட்டோக்காரன் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார். எப்படி வந்தார், யார் கூப்பிட்டார், எதுவும் கிடையாது. எடிட்டர் தூங்கிவிட்டார் போல." கடைசி வரியை ஜனங்கள் ரசித்தார்கள். ஊரில் வாட்ஸப் குரூப்களில் அது மட்டும் தனியாகச் சுற்றியது. படம் அதனால்தான் தூக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வெள்ளி ஒரு துப்பாக்கிப் படம் வரிசையில் நின்றது. ஆனால் இரண்டாம் வாரத்துக்கு ஒரு காட்சியாவது கொடுங்கள் என்று தியேட்டரில் கெஞ்சிக்கொண்டிருந்தவர்களிடம், தியேட்டர்காரர்கள் போனை எடுத்து அந்த வரியைக் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், ஊரில் சாயங்காலம். ஜெகன் கூப்பிட்டான்.

"எங்க பாத்த?"

"மச்சான், இங்க ரிலீஸ் ஆவலல்ல. ஒரு லிங்க் வந்துச்சி."

"தியேட்டர் பிரிண்டா?"

"ம்."

"சட்டம் போட்டவன் நீதான்டா."

"தெரியும்டா. பாக்காம இருக்க முடியல."

"பாக்காம இருக்க முடியல. சரி. எழுதாம இருக்க முடியலியா?"

அவனே பேசினான். "பெரியவர் எப்படி வூட்டுக்கு வந்தாருன்னு கேட்டிருக்க. இண்டர்வெல் முடிஞ்சி ஏழு நிமிஷம் அதுதான்டா ஓடுது. போன்ல புடிச்சவன் டீ குடிக்கப் போயி லேட்டா வந்திருக்கான். அவன் குடிச்ச டீக்கு நீ எங்க எடிட்டர தூங்க வச்சிட்ட."

இடைவேளை. அந்தச் சொல்லை எழுதியும் அது என் தலையில் ஏறவேயில்லை. கார்டு வரும், போகும், படம் ஓடிக்கொண்டேயிருக்கும் என்று இரண்டு வருடத்தில் பழகிவிட்டிருக்கிறேன். ஊரில் ஜனங்கள் எழுந்து போவார்கள், தாமதமாக உள்ளே வருவார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. எனக்கு!

"அந்த ஏழு நிமிஷந்தான்டா டைரக்டர் என்ன எடுக்க உட்டாரு," என்றான். "முழு படத்துல என்னோடது அது மட்டும்தான்."

"மச்சான், நான் இப்பவே அந்த வரிய எடுத்துடறேன்."

"எடுக்காத. எடுத்துட்டா நீ நல்லவனாயிடுவ. இருக்கட்டும், உன் பேர்லயே இருக்கட்டும்."

"அந்த சீன மட்டும் அனுப்புடா. ப்ளீஸ்டா."

"எடிட்டர் தூங்கிட்டு இருக்காரு மச்சான். எழுந்ததும் அனுப்பச் சொல்றேன்." பிறகு, "அதுல இன்னா இருக்குதுன்னு உங்கம்மாவ கேளு" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் அனுப்பியவை எதிலும் நீல டிக் விழவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒரு மாதிரி வெட்கத்தோடு சிரித்தாள். நம் வீட்டு மாடியில் மூன்று நாள் ஷூட்டிங் நடந்ததாம். தியேட்டரில் பார்த்து நானே மிரண்டு போக வேண்டும், அதுவரை மூச்சு விடக் கூடாது என்று ஜெகன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. "நீங்களே நில்லுங்கம்மான்னு சொல்லிட்டான்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." ஆட்டோக்காரன் பெரியவரை மாடிக்கு அழைத்து வருகிறான். உடம்பில் ஆஸ்பத்திரித் துணி. அம்மா கொடியில் காயும் ஒரு சட்டையை எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும். கொடியில் போட ஆம்பிளைப் பையன் சட்டை வேண்டும் என்றார்களாம். பீரோவில் இருந்த என் நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்து, ஈரமாகத் தெரிய வேண்டும் என்று மூன்று நாளும் நனைத்துப் போட்டிருக்கிறாள்.

"வசனம் இருந்துச்சாம்மா உனக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. ஜெகன்தான் சொல்லிக் குடுத்தான்."

"சொல்லு."

"போடா, போன்ல எப்படி."

"சொல்லும்மா."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரலை மாற்றிக்கொண்டாள். "என் புள்ளையோடது. அவன் வர்ற வரைக்கும் போட்டுக்கோங்க."

அப்படியானால் இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பெரியவர் போட்டிருந்தது என் சட்டை. ஒரு மணி நேரம் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த இருட்டுப் பிரிண்டில் அடையாளம் தெரியவில்லை. தெரு மொத்தமும் போய்ப் பார்த்து, அம்மா திரையில் வந்ததும் விசில் அடித்திருக்கிறது. படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஓடிடிக்கு யாரும் இன்னும் வாங்கவில்லை.

வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "சட்டைய திருப்பிக் குடுத்துட்டாங்களாம்மா?" என்றேன்.

"குடுத்துட்டாங்கடா. தொவைச்சி மடிச்சி வச்சிருக்கேன். ஆனா அந்த மனுஷன் ஒல்லியா இருந்தாரில்ல, ரெண்டு பக்கமும் புடிச்சி தைச்சிட்டாங்க. இனிமே உனக்குப் பத்தாது."

"பிரிச்சிக்கலாமேம்மா."

"பிரிக்கலாம். தையல் போட்ட எடம் தெரியும்டா."