ஏழாம் வீட்டைப் பார்த்த கிரகம்

போன வாரம் பிராக்சிமா பி பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம். அருகில் என்றால்... வெளிச்சமே அங்கிருந்து வந்து சேர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் ஒரு முகம் எப்போதும் பகல், மறுமுகம் எப்போதும் இருட்டு என்று கருதுகிறார்கள். அந்த இருட்டுக்குள் யாரோ உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதாக நானாக ஒரு கற்பனையும் சேர்த்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் கோவிந்தன் வந்து நின்றார். களமருதூரில் நெல் விவசாயம். மகள் செல்விக்கு ரிஷிவந்தியத்தில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

"மாப்ள வூட்டு ஜோசியரு நீங்க எழுதனத படிச்சிட்டாரு சார். அந்த இருட்டு மொகம் பொண்ணோட ஏழாம் வூட்டப் பாக்குதாம். கல்யாணமே வேணாம்னு பேசிக்கினு இருக்காங்க."

"அது எங்கியோ இருக்குதுங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து இன்னா பண்ணும்?"

"சனி கூடத் தூரந்தான சார்?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான் எழுதிய நாலு வரியால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது!

பயத்தில் எனக்கும் ஜோசியம் வந்துவிட்டது. "அந்தக் கிரகத்துக்கு ஒரு வருஷம்னா, நமக்குப் பதினோரு நாள்தாங்க" என்றேன். இதுவரை நிஜம். "அதனால தோஷம் எதுவானாலும் ஒரு சுத்துல கழிஞ்சிடும்." இது என் சொந்தச் சரக்கு.

அவர் போன் போட்டுக் கொடுக்க, மாப்பிள்ளையின் அப்பாவிடமும் குரலைக் கனமாக்கிக்கொண்டு இதையே சொன்னேன். ஜோசியரும் ஒப்புக்கொண்டார் – தனக்கு முன்பே தெரியும் என்றாராம். முகூர்த்தத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். கோவிந்தன் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு காபி குடித்தேன்.

மறுநாள் செல்வியே போன் செய்தாள். அப்பாவுக்குத் தெரியாமல், தணிந்த குரலில்.

"தோஷம் கழிஞ்சிடும்னு சொன்னீங்களாமே சார்."

"ஆமாம்மா. நீ பயப்படாதே."

"கிரகத்துக்கு நான் பயப்படல சார். நாளைக்கு அந்த வூட்ல மாடு செத்தாலும், மாமனாருக்கு ஜொரம் வந்தாலும், எல்லாரும் என் மூஞ்சியத்தான பாப்பாங்க? அது எப்ப சார் கழியும்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான்... இப்போது பயம் எனக்கு.