ஆடிக்கு முந்தி மூடிய இறக்கை

ஏழு வருசமாக ஒரு விமானம் கட்டினேன். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன மர விமானம். பிழைக்க வந்த நாட்டில், ஓல்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் கொட்டிலில் வைத்துக் கட்டினேன். கிழமை நாளில் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. சனி, ஞாயிறு இது. கூட வேலை செய்த ஒருவன், "அண்ணை, ஊருக்குப் போறதெண்டால் டிக்கெட் எடுக்கலாமெல்லோ," என்பான். நான் அடுத்த பெட்டியைத் தூக்குவேன்.

பறக்கிற லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஆனால் கண்ணில் அழுத்தம் கூடுகிறது என்று டாக்டர் சொன்னார். வருகிற வருசத்துக்குப் பிறகு லைசென்ஸுக்கான கண் பரிசோதனையில் தேறமாட்டேன். அதற்குள் பறக்கவேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் கட்டிய இலகுரக விமானம் பறக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். இறக்கையைப் பலகையால் மூடுமுன், உள்ளே பசை பிடித்திருக்கிறதா என்று பரிசோதகர் பார்க்கவேண்டும். அது சட்டம். அவர் யூலையில் மூன்று கிழமை லீவில் போனார். வந்து பார்க்கிறேன், பொறு என்றார்.

மனைவி தமிழ்க் கடை கலண்டரைப் பார்த்தாள். "அவர் வரேக்குள்ளை ஆடி பிறந்திடும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், மூடிப்போடுங்கோ."

ஓம் என்றேன். அவளில் பிழை இல்லை. பறக்கிற சாமான், எனக்கும் பயம். வெள்ளி வேலை முடிந்து போய் மூடினேன். மூடுமுன் உள்ளே படமும் எடுக்கவில்லை. கை முழுக்கப் பசை.

பரிசோதகர் வந்து மூடிய இறக்கையை விரலால் தட்டினார். பார்க்காததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன், திறந்து காட்டு என்றார். ஆடி மாதத்தை விளங்கப்படுத்த என் ஜெர்மன் காணாது. விட்டுவிட்டேன்.

அடுத்த சனி பலகையை வாளால் அறுத்தேன். கடைசி இடத்தில் வாள் வழுக்கி உள்ளே நடு மரத்தில் இறங்கியது. இறக்கையைத் தாங்குவது அந்த மரம்தான்.

பரிசோதகர் திரும்ப வந்து விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஒட்டு எல்லாம் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு வாள் வெட்டில் விரலை வைத்தார். விமான உடலோடு இறக்கையைப் பூட்டுகிற இடம், அதில் ஒட்டுப் போட முடியாது, புது இறக்கை கட்டு என்றார்.

ஒரு இறக்கை கட்ட எனக்கு இரண்டு வருசம்.

வீட்டில் மனைவி, "என்னவாம்?" என்றாள்.

"ஒட்டு நல்லமாம்."

"அப்ப கையெழுத்து வைச்சிட்டாரோ?"

இல்லை என்று தலையாட்டி, வெட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் எழும்பிக் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றப் போனாள்.

"கழட்டாதையும். வேலை நாளெல்லாம் அதிலை எழுதிக் கிடக்கு."

கண் டாக்டரிடம் போகிற நாளும் எழுதியிருந்தது. அதற்கு நான் போகவில்லை.