மீரான் அண்ணாச்சியும் தீவில் கேட்ட தறிச் சத்தமும்

சென்ற புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மீரான் அண்ணாச்சி கடையநல்லூரில் தம் வீட்டில் காலமானார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சங்கரன்கோவிலில் என் தறிக்கூடத்தில் நான் துணி பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் மகன் போன் செய்தார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா" என்றார். தறிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னேன்.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவர். அங்கே கடற்கரையில் கயாக் வாடகைக்கு விடும் இடத்தில் அவருக்கு வேலை. கயாக் என்பது காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. நான் ஒரு பெட்டி நிறைய நைட்டி சாம்பிளுடன் ஆர்டர் பிடிக்க அங்கே போய் இறங்கியபோது, ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக லீவு போட்டுவிட்டு என்னைக் கடை கடையாகக் கூட்டிப் போனார்.

முதல் கடையிலேயே சண்டை. சாயம் போகவே போகாது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, கடைக்காரர் கண்முன்னே நைட்டி ஓரத்தை முக்கினார். தண்ணீர் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணாச்சி?" என்று வெளியே வந்து கத்தினேன்.

"இத இங்கன வித்தீருன்னா அடுத்த வருசம் இந்தத் தெருவுல நீரு நடக்க முடியாது வே. கோவப்படாம டீயக் குடியும்."

ஊருக்குத் திரும்பியதும் சாயப்பட்டறையை மாற்றினேன். இன்று என் சரக்குக்கு இருக்கும் பெயர் அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், என் கோபத்தை ஆற்றுவதற்காகவோ என்னவோ, இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் என்னை ஒரு சின்னத் தீவுக்கு அழைத்துப் போனார். ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குள் திரும்புவதாக ஏற்பாடு. எனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்.

"துடுப்ப ஏன்வே களவாணியப் பிடிக்க மாதிரி பிடிக்கீரு? லேசா விடும். நைட்டி யாவாரி கடல்ல மிதக்கத ஊர்ல பாத்தா சிரிப்பானுவ."

தீவு என்றால் மணலும் நாலு புதரும்தான். ஒரு பறவைகூட இல்லை. கூடாரம் அடித்து, கொண்டுபோன பரோட்டாவைத் தின்று படுத்தோம்.

நடுராத்திரியில் தறி ஓடும் சத்தம் கேட்டு விழித்தேன். பதினேழு வயதிலிருந்து தறிக்கூடத்தில் படுத்து எழுந்தவன் நான். அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். ஓட்டத்தில் ஒரு தட்டு பிசகினால் நூல் அறுந்துவிட்டது என்று உடம்பு தானாக எழுந்துவிடும். அன்றும் தட்டு பிசகியது. தறியை நிறுத்த எழுந்து நடந்தேன். காலில் ஈரம் பட்டதும் தெரிந்தது, முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் தெரிந்தது. ஆனாலும் நூல்தான் பெரிதாக இருந்தது.

"சுப்பையா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. ராத்திரியில் பெயர் ஒரு தடவை கேட்டால் பதில் சொல்லக்கூடாது, உயிருள்ள ஆள் மூன்று தடவை கூப்பிடுவான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேலும் நடந்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது. மூன்றாம் தடவைக்குத் திரும்பினேன். அப்போது நெஞ்சுவரை தண்ணீர். அண்ணாச்சி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

விடிந்ததும் சொன்னேன்: "மொத தடவயே திரும்பியிருக்கணும் அண்ணாச்சி. மூணு தடவ கத்த விட்டுட்டேன்."

அவர் டீ ஊற்றுவதை நிறுத்தினார். "நான் ரெண்டு தடவதான்வே கூப்பிட்டேன். மொத சத்தம் கடல் பக்கமிருந்துல்லா வந்துச்சு. அதக் கேட்டுத்தான் நானே முழிச்சேன்."

அலை படகின் அடியில் தட்டியதுதான் தறிச் சத்தம் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூப்பிட்ட குரலுக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. அதன்பின் நாங்கள் இருவரும் அந்தத் தீவுப் பக்கம் போகவில்லை. அன்று காலை தீவிலிருந்து கிளம்புமுன் அண்ணாச்சி என் கையைப் பிடித்து ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தார். வியாபாரத்தில்கூட அவர் அப்படிக் கை பிடித்து நான் பார்த்ததில்லை.

அவர் ஊர் திரும்பிய பிறகு, பத்து வருடமாக என் தறிக்கூட வாசலில் நின்று மூன்று தடவை என் பெயரைச் சொல்லாமல் உள்ளே வந்ததில்லை. என் வேலையாட்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

புதன்கிழமை, அவர் மகனின் போன் வருவதற்குச் சற்று முன், இருபது தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காத அந்த இரைச்சலில், "சுப்பையா" என்று அண்ணாச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது. வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அடுத்த கூப்பாட்டுக்குக் காத்து நின்றேன். வரவில்லை.

மறுநாள் கடையநல்லூரில் அவர் கபரில் எல்லோரையும்போல் நானும் மூன்று பிடி மண் போட்டேன். கூட்டம் கலைந்ததும், "அண்ணாச்சி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, வாயை மூடிக்கொண்டேன். தீவில் பேசியது அப்படி: மூன்று தடவை கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வரவேண்டும், ஒரு தடவையோடு நின்றால், கூப்பிட்டது யாராக இருந்தாலும், இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும். இருவருக்கும் அதே நிபந்தனை.