முத்திரை உடைந்தால் திருப்பி அனுப்பவும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் புதுச்சேரி வாசகசாலை மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. காரைக்காலுக்குப் போகவேண்டிய பெட்டி. செக்ரட்டரி சவரிநாதன் அரக்கை உருக்கி மூடியில் ஊற்றினார். நான் முத்திரையை அழுத்தினேன். நாலாவது தடவையாக!

உள்ளே ஒரே ஒரு புத்தகம். அது ஏற்கெனவே மூன்று தடவை காரைக்கால் போயிற்று. மூன்று தடவையும் யாரும் திறந்து பார்க்காமலே திரும்பி வந்தது. இல்லை... திறந்து பார்த்தார்கள். சுங்கச்சாவடியில்! அதுதான் வினையே.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சு இந்தியாவின் வாசகசாலைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று புத்தகம் இரவல் கொடுக்கும் திட்டத்தைப் பற்றி நான் இங்கே எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! புதுச்சேரியில் இருக்கும் புத்தகத்தை மாஹேக்காரர் படிக்கலாம். ஏனாமில் இருப்பதைக் காரைக்கால்காரர் படிக்கலாம். சந்திரநாகூர்கூட நம்மோடு சேர்ந்தாயிற்று... கமிட்டித் தலைவர் யார்? அடியேன்தான்.

விதிகளை எழுதியதும் நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். முத்திரை உடைந்த பொட்டலத்தைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். நடுவில் யார் கை வைத்தார்களோ, எதை எடுத்தார்களோ? ஆகவே நல்ல பிரெஞ்சில், அழகாக ஒரு வரி எழுதினேன். முத்திரை உடைந்து வரும் பெட்டியை வாங்கக்கூடாது, உடனே திருப்பி அனுப்பவேண்டும். கமிட்டியில் கை தட்டினார்கள்.

பூகோளப் படத்தைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம். நம் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டா இருக்கின்றன? ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகவேண்டுமானால் நடுவில் இங்கிலீஷ்காரர் சீமையைத் தாண்டவேண்டும். எல்லையில் சுங்கம். சுங்கத்தில் சோதனை.

முதல் தடவை பெட்டி திரும்பி வந்தபோதே சவரிநாதன் சொன்னார்.

"முசே, நம்ம ஊர்லேர்ந்து பெட்டி போனா எவன் தொறக்காம வுடுவான்? உள்ள பிராந்தின்னுதான் நெனைப்பான். புஸ்தகம்னு சொன்னா இன்னும் சந்தேகப்படுவான்."

"அப்போ ஏனாமுக்குப் போன பெட்டி எப்படிப் போச்சு?"

"அன்னிக்கு அந்தாளு தூங்கியிருப்பான்."

நான் சிரித்தேன். விதியை மாற்றவில்லை. ஒரு பெட்டி போய்ச் சேர்ந்தால் போதாதா, நம் விதி சரிதான் என்று நம்புவதற்கு?

காரைக்கால் வாசகசாலைக்காரர் கடிதம் எழுதினார். புத்தகம் கேட்டவர் ஞானப்பிரகாசம் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முத்திரை உடைந்திருந்தாலும் இந்த ஒரு தடவை வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும்... இவ்வளவுதான் கடிதம்.

தலைவர் நினைத்தால் விதிவிலக்குத் தரலாம். அந்த வரியையும் எழுதியது நான்தான்! ஆனாலும் தரவில்லை. ஒருவருக்குத் தந்தால் எல்லோரும் கேட்பார்களே என்று பதில் எழுதினேன். யார் அந்த எல்லோரும்? இதுவரை வேறு ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அரக்கு இறுகிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண், தகப்பனார் கையைப் பிடித்துப் படியேற்றினாள். வெள்ளைக் கோட்டு, மடித்த குடை, நிமிர்ந்த தலை. அவர் கண் மட்டும் எங்கள் எல்லோரையும் தாண்டி எங்கோ பார்த்தது.

"முசே பிரெசிதான்... கமிட்டித் தலைவரு இருக்காருங்களா?"

"நான்தான். வாங்க, உக்காருங்க."

"காரைக்கால்லேர்ந்து வரேன். ஞானப்பிரகாசம். சைகோன் படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு கேட்டிருந்தேனே..."

சவரிநாதன் என்னைப் பார்த்தார். பிறகு அவரே பேசினார். "அனுப்பிக்கிட்டேதான் இருக்கோம், வாத்தியாரே. அது என்னைவிட அதிகமா ரயில்ல போயிருக்கு."

வாத்தியார் சிரித்துவிட்டார். "டிக்கெட்டு வாங்குச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டாங்க. வெளிச்சம் தெரியுது, அவ்ளோதான். சரி, வந்தது வந்துட்டோம், புஸ்தகத்தையாவது தொட்டுட்டுப் போவலாம்னு மவ பிலோமிகிட்ட சொன்னேன்."

முத்திரையை நானே உடைத்தேன். அரக்கு இன்னும் சூடாக இருந்தது.

புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

"அதுல ஒரு கல்லறைத் தோட்டம் படம் இருக்கும்மா. சைகோன்லேர்ந்து வந்தவரு ஒருத்தரு சொன்னாரு. தேடு."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய ஒரே மகன் அருளப்பன். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் போல அவனும் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனான். அங்கே காய்ச்சல் கண்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது செய்தி மட்டும்தான்.

"அவங்க அம்மா சாவற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா. புள்ளைய எந்த மாதிரி எடத்துல வச்சிருக்காங்கன்னு. எனக்கென்ன தெரியும்? கண்ணு இருக்கும்போதே ஒரு தடவ பாத்துட்டா, மேல போயி அவகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

பிலோமி படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லுங்க முசே" என்றார் வாத்தியார்.

ஆயுள் முழுவதும் பிறர் வாக்குமூலத்தை எழுதியவன் நான். இப்போது நானே சாட்சி சொல்லவேண்டியதாயிற்று.

"பெரிய இரும்புக் கேட்டு... உள்ள நேரா ஒரு பாதை. ரெண்டு பக்கமும் சிலுவைங்க. வரிசையா, சுத்தமா இருக்கு."

"மரம்?"

சவரிநாதன் வாத்தியாருக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குத் தலையை ஆட்டினார். இருக்கு என்று சொல்லுங்கள், என்ன குறைந்துவிடும்? எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த மனிதருக்கு நான் செய்தது போதாதா? பொய் வேறா?

"மரம் இல்லீங்க, வாத்தியாரே."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட..."

"வெயில்லதான் கெடக்கறான்" என்றார்.

பிலோமி குனிந்து பார்த்தாள். "செவுரோரத்துல கருப்பா இருக்குப்பா. நெழல் மாதிரி."

"எங்க? என் வெரல வை."

அவள் அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"நெழல்தானா? அச்சு மையி கொட்டிக்கிச்சா?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சவரிநாதன் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணுள்ள மூன்று பேர் பார்த்தோம். நிழலா, மையா? ஒருவருக்கும் தெரியவில்லை.

"நான் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் வாத்தியார். "மழைக்கு முன்னாடி வரைக்கும் படமெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது."

முதல் பெட்டி மழைக்கு முன்பே போயிற்று.

அவருக்கு அது தெரியாது. "அது சரி, ஏன் திரும்பித் திரும்பி வந்துச்சு?" என்று கேட்டார். சுங்கத்தார் மேல் பழியைப் போட்டிருக்கலாம். யார் மறுக்கப்போகிறார்கள்? சொல்லிவிட்டேன். நான் எழுதிய விதி, நான் தராத விதிவிலக்கு, முதல் பெட்டி போன காலம், எல்லாவற்றையும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் இன்று இதை எழுதாமல்கூட இருந்திருப்பேன்.

"நானும் வாத்தியாரா இருந்தவன்தானே" என்றார். "மணி அடிச்சப்பறம் வந்த பசங்கள வெளிய நிக்க வப்பேன். மழையா இருந்தாலும் வுடமாட்டேன். அருளப்பனையே நிக்க வச்சிருக்கேன்."

பிறகு குடையைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார். புத்தகத்தைக் கொண்டுபோங்கள் என்றேன். "எதுக்குங்க?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பிலோமிதான் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பெட்டி காலியாக மேசைமேல் கிடந்தது.

இரண்டு பேரும் வாய்க்கால் பக்கம் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலத்தருகில் நின்று அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். படத்தைத்தான் மறுபடி சொல்லியிருப்பாளோ?

இந்தத் திட்டம் எதற்கு? புத்தகத்தைப் படிக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க. நான் என்ன செய்தேன்? புத்தகத்துக்குக் காவல் வைத்தேன். அட்டை கசங்கக்கூடாது, ஏடு கிழியக்கூடாது... கசங்கவில்லை, கிழியவில்லை. மூன்று தடவை போய்வந்தும் புத்தம் புதிதாக இருந்தது. யாரும் தொடாத புத்தகம் வேறு எப்படி இருக்கும்?

சனிக்கிழமை கமிட்டியைக் கூட்டினேன். நடந்ததைச் சொன்னேன். முத்திரை வரியை நீக்க வெளியூர் அங்கத்தினர்கள் தந்தியிலேயே சம்மதம் அனுப்பியிருந்தார்கள். அந்த வரியை நீக்கலாமா என்று கேட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

எனக்கு வைத்த காப்பி அப்போது இன்னும் ஆறக்கூட இல்லை.