கசார்வாடித் துரு

எந்தப் படத்தின் முன் நின்றாலும் கோதை முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பாள். சட்டம் எங்கே விரிந்திருக்கிறது, பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவள் கண்ணில் படும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பி.காம். படித்தவள். விஷ்ராந்த்வாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமைகளில் புணேயின் கேலரிகளைச் சுற்றிச் சுற்றித் தானாகக் கற்றுக்கொண்டது.

2005-இல் கோரேகாவ் பார்க்கில் ஒரு கேலரி, கண்காட்சி அமைக்கப் பழகுகிறவர் ஒருவருக்கு ஓராண்டு ஃபெலோஷிப் என்று அறிவித்தது. பரோடாவிலும் பம்பாயிலும் ஓவியம் படித்தவர்களைத் தாண்டி அது கோதைக்குக் கிடைத்தது. அதே வாரம் பாங்க் ஆபீசர் வேலைக்கும் உத்தரவு வந்தது. அவள் பாங்க்கை விட்டாள்.

"அங்க என்ன வேலைடி உனக்கு?" என்றார் அப்பா கிருஷ்ணஸ்வாமி. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எந்தப் படத்த எங்க மாட்டணும்னு பாக்கறது."

"அதுக்கு ஆணி அடிக்கறவன் போறாதா?" அதற்கு மேல் அவர் கத்தவில்லை. "ஒரு வருஷம். அவா உன்னை வேலைக்கு வெச்சுண்டா சரி. இல்லேன்னா நான் சொல்ற எடத்துக்குப் போகணும். அப்போ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது."

ஃபெலோஷிப்பின் முடிவில் அவளே தனியாக ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும். அது நன்றாக வந்தால் கேலரியில் நிரந்தர வேலை. அவள் எடுத்துக்கொண்டது சுலபா என்ற சிற்பியின் இரும்புத் தகடுகளை. பழைய மும்பை நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டபோது, சுலபா கேட்டுக்கொண்டதால் அங்கே வேலை பார்த்த ஏழு தொழிலாளிகள் அத்தனை வருஷமும் தங்கள் கையில் இருந்த ஒரு பொருளை ஆளுக்கொரு தகட்டின் மேல் வைத்தார்கள். ஒருவர் ஸ்பானர், ஒருவர் டிபன் டப்பா, தாமோதர் என்பவர் கையுறை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தகடுகள் நனைந்தன. சுற்றிலும் துரு ஏற, பொருள் இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் அதன் வடிவமாக நின்றது. தொழிலாளிகள் பொருளை எடுத்துக்கொண்டு சாதாரா, லாத்தூர் என்று ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். இன்னொரு முறை செய்ய முடியாத காரியம்.

தகடுகளைப் போட்டுவைக்க இடம் பிடித்துக்கொடுத்ததும் கோதைதான். கசார்வாடியில் சேவியரின் லேத் பட்டறைக் கொல்லை. கிருஷ்ணஸ்வாமி அந்தப் பக்கம் குடியிருந்த காலத்தில் லோக்கல் ரயிலில் அவரோடு சீட்டாடிய தூத்துக்குடிக்காரர் சேவியர். மழை முடிந்ததும் தகடுகளைத் தன் ஷெட்டுக்குள் பத்திரமாக அடுக்கிவைத்தார்.

கண்காட்சி 2006 மே மாதம். ஒரு பொருளை எடுத்து வருமுன் அது இருக்கும் இடத்துக்கே போய், ஓரம் ஓரமாகப் பார்த்து, எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டிஷன் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கேலரியின் கண்டிப்பான முறை அது. கோதை போக வேண்டிய செவ்வாய்க்கிழமை அச்சகத்திலிருந்து காட்டலாக் புரூஃப் வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் தப்பு. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மார்ச்சில் தானே எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு ஏழு தகடுகளுக்கும் ரிப்போர்ட் எழுதினாள். செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு சேவியருக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், வியாழக்கிழமை டெம்போ வரது. எல்லாத்தையும் நன்னா ரெடி பண்ணி வெச்சிடுங்கோ. சனிக்கிழமை பெரிய மனுஷாள்ளாம் வரா."

"கவலய விடு கோதம்மா. நம்ம கட வேல எப்படின்னு அவுக பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கேலரியில் பெட்டியைத் திறந்தார்கள். ஏழு தகடுகளும் ஒரே சிவப்பாக இருந்தன. ரெட் ஆக்ஸைடு. புதுக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்.

கோதை தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் போன் செய்தாள்.

"கலரு பிடிச்சிருக்கா?" என்றார் சேவியர். "கிரைண்டர் போட்டுத் துருவ எடுத்துட்டு ரெண்டு கோட்டு அடிச்சேன். ரெண்டு நாளா வேற வேலயே தொடல."

"அங்கிள், அந்தத் துருதான்... மழைல போட்டது எதுக்குன்னு நெனச்சேள்?"

"புதுத் தகட்டுல கருப்பா ஒரு தோல் இருக்கும்லா? அது மழையில கழண்டாத்தான் பெயிண்ட் நிக்கும். பழைய ஆளுக அப்பிடித்தான் செய்வாக. பரவால்லயே, அந்தச் சுலபா பொம்பளைக்கும் வெவரம் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

"மேல சாமானெல்லாம் வெச்சிருந்தாளே?"

"காத்துல பறந்துரக் கூடாதுன்னு பாரம் வச்சது. ஏம்மா, சரியில்லயா?"

அவள் போனை வைத்துவிட்டாள். உள்ளே வந்து பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு ஒரு மூலையைத் துடைத்தாள். சிவப்பு கரைந்தது. கீழே கிரைண்டர் கீறிய வெள்ளை வெளேரென்ற இரும்பு. அடுத்த தகட்டில் துடைத்தாள். அதே வெள்ளை. ஏழிலும் துடைத்துப் பார்த்தாள்.

கேலரியின் சொந்தக்காரர் ரோஷன், அறுபது வயதுப் பார்சிப் பெண்மணி, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"செவ்வாய்க்கிழமை நீயே போய்ப் பார்த்திருக்கிறாய். ஏழும் நன்றாக இருந்திருக்கின்றன. அப்படியானால் இது முழுக்க அந்தப் பட்டறைக்காரன் செய்தது. வக்கீல் பார்த்துக்கொள்வார். உன்மேல் ஒன்றும் இல்லை, கோதை."

உன்மேல் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை நிலைக்கும். விட்ட பாங்க் வேலை திரும்பி வராது. இதுவும் போனால் அப்பா சொல்கிற இடம்தான். சேவியருக்கு என்ன ஆகும்? அவருக்கு இருப்பது இரண்டு மெஷின், ஒரு ஷெட். கேஸ் என்று போனால் அதுவும் இருக்காது. அவர் செய்யாததைச் செய்தார் என்று பொய்யா சொல்கிறோம், அவர்தானே செய்தார் என்று தனக்குத் தானே பத்து முறை சொல்லிப் பார்த்தாள்.

நாலு மணிக்குச் சுலபா வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஏழு தகடுகளின் முன்னும் ஒரு தடவை நடந்தாள். பிறகு கோதையின் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதில் தாமோதரின் கையுறை எது?"

கோதை பார்த்தாள். ஓரங்களைப் பார்த்தாள். ஏழும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. பத்து மாதம் இவற்றோடு வாழ்ந்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நான் செவ்வாய்க்கிழமை போகவில்லை" என்றாள். "போட்டோவைப் பார்த்து எழுதினேன். ரெடி பண்ணச் சொன்னதும் நான்தான்."

ரோஷன் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "ஒரு தப்பை மன்னிக்கலாம். கையெழுத்தை எப்படி மன்னிப்பது?" என்றார். "சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போ." சுலபா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ரிப்போர்ட்டை மட்டும் திருப்பி எழுதிவிட்டுப் போகிறேன்" என்று கோதை கேட்டாள். வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு தகடாக, ஓரத்திலிருந்து. இந்தத் தடவை அன்றைய தேதி.

சாவியை வைக்கும்போது போன் அடித்தது.

"கோதம்மா, லைன் கட்டாயிட்டு போலுக்கு. நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்? வெள்ளச் சட்ட தேச்சு வச்சிட்டேன். வீட்ல எல்லாரும் வாரோம்."

"நாளைக்கு இல்ல அங்கிள்."

"தள்ளிப் போட்டுட்டாகளா?"

"நானே அங்க வந்து சொல்றேன்" என்றாள்.

வெளியே விஷ்ராந்த்வாடிப் பஸ் வந்தது. அதை விட்டாள். கசார்வாடிக்குப் போகிற பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஏறி உட்கார்ந்து, அந்த மனிதரிடம் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். தாபோடி தாண்டியும் வாக்கியம் அகப்படவில்லை. அடுத்தது கசார்வாடி என்று கண்டக்டர் கத்தினார்.